தாளின் தலையில் பதிப்பு எண் போடுங்கள்

ஜேகுவெரி குறிப்புத்தாள்களைத் தயாரித்து வெளியிடும் அனைவருக்கும்,

வணக்கம். நானும் உங்கள் தாள்களைப் பார்த்துத் தொழில் கற்றவன்தான். வலைப்பக்கங்களை இயக்க உதவும் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் செலக்டர் (பக்கத்தில் எந்த உறுப்பு என்று சுட்டுவது), ஈவென்ட் (பொத்தானை அழுத்துவது போன்ற நிகழ்வு), அஜாக்ஸ் (பக்கத்தை மறுபடி ஏற்றாமல் சர்வரிடம் தரவு கேட்பது) என எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கி இலவசமாகத் தருகிறீர்கள். அந்த நன்றி மாறவில்லை. ஆனால் போன மாதம் எங்கள் அலுவலகத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு விலைப்பட்டியல் பக்கம் ஒன்றைக் கொடுத்திருந்தோம். பொத்தானை அழுத்தினால் புது வரி வரும், வரிக்கு வரி ஒரு 'நீக்கு' பொத்தான் இருக்கும். முதலிலேயே இருந்த வரிகள் ஒழுங்காக நீங்கின, பிறகு சேர்த்தவை நீங்கவில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறை முட்டிக்கொள்ளும் இடம் இது. அவள் மேசைக்கு மேலே ஒட்டியிருந்த குறிப்புத்தாளைப் பார்த்தாள். பிறகு சேரும் வரிகளிலும் பொத்தான் வேலை செய்ய 'லைவ்' போடு என்றது. போட்டாள். அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று சிவப்பில் பிழை வந்தது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். 2011-இல் வந்த 1.7 பதிப்பிலேயே லைவைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். 2013-இல் 1.9 வந்தபோது எடுத்தே விட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஓடுவது 3. அந்தத் தாள் எந்தப் பதிப்புக்கானது என்று அதில் ஓரிடத்தில்கூட இல்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. இன்னொரு தாளில் அதே வேலைக்கு 'டெலிகேட்' இருந்தது. இப்போதெல்லாம் எல்லாமே 'ஆன்' தான் என்று யாரோ சொல்ல, டெலிகேட் என்ற சொல்லை மட்டும் ஆன் என்று மாற்றினாள். டெலிகேட்டில் முதலில் செலக்டர், பிறகு ஈவென்ட். ஆனில் முதலில் ஈவென்ட், பிறகுதான் செலக்டர். வரிசை தலைகீழ். அவள் செலக்டராகக் கொடுத்திருந்த, புள்ளியில் தொடங்கும் கிளாஸ் பெயர் ஈவென்ட் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது. அதில் ஈவென்டின் பெயரே இல்லாததால் ஜேகுவெரி அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டது. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை.

இரண்டு இரவு அவள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலை என்னிடம் வந்து, "எனக்கு இந்த வேலை வராது போலிருக்குண்ணா" என்றாள். தேதி இல்லாத ஒரு தாளின் குற்றத்தை அந்தப் பெண் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ஆகவே கேட்கிறேன்: தாளின் தலையில் பதிப்பு எண்ணைப் போடுங்கள். எந்த மாதம், எந்த வருடம் தயாரித்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

இடம் போதாது என்று சொல்லாதீர்கள். லோகோவுக்கும் வண்ணப் பட்டைகளுக்கும் கால் பக்கம் போகிறது. ஜேகுவெரியின் அதிகாரபூர்வ ஆவணத்தில் லைவ் பக்கத்தைத் திறந்து பாருங்கள், எப்போது கைவிடப்பட்டது, எப்போது நீக்கப்பட்டது என்று மேலேயே இருக்கும். அங்கே இருக்கும் அந்த இரண்டு எண்கள் உங்கள் தாளுக்கு வரும் வழியில் எங்கே தொலைகின்றன? ஒருவர் தாளைப் பார்த்து இன்னொருவர் எழுதுவதால்தான் என்று நினைக்கிறேன். உறுப்புகளின் எண்ணிக்கையைச் சொல்லும் 'சைஸ்' 3.0-இல் போய்விட்டது. அஜாக்ஸ் அழைப்பின் பின்னால் போடும் 'சக்சஸ்' அதே பதிப்பில் போய்விட்டது. இரண்டும் இன்னும் தாளுக்குத் தாள் உலவுகின்றன.

இதைப் பழைய சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரியாக்ட் போன்ற புதிய கருவிகளைக் கற்றுத்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஏற்கெனவே கட்டிய தளங்களைக் காப்பாற்றுகிறவர்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வலைத்தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2020 டிசம்பரில்தான் ஜேகுவெரி 1.12-இலிருந்து 3.5-க்கு மாறியது. அதற்குச் சில மாதம் முன்பு, பழைய அழைப்புகளைத் தாங்கிப் பிடித்திருந்த மைக்ரேட் துணைநிரலை நிறுத்தியபோது எத்தனை தளங்கள் படுத்தன என்று அப்போது வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். அந்தப் பழுதுகளைச் சரிசெய்ய உட்காருகிறவர் முதலில் தேடுவது உங்கள் தாளைத்தான்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னியுங்கள்.

தயவுசெய்து பதிப்பு எண்ணைப் போடுங்கள். நீக்கப்பட்டவற்றின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் மாற்று என்ன என்று எழுதுங்கள். டெலிகேட்டிலிருந்து ஆனுக்கு மாறும்போது வரிசை மாறும் என்பதை மட்டுமாவது தடித்த எழுத்தில் போடுங்கள். பழைய தாளைத் திருத்த நேரமில்லை என்றால் அதை எடுத்துவிடுங்கள். சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அந்தப் பெண் தன் மேசைத் தாளைக் கிழிக்கவில்லை. சிவப்புப் பேனாவால் அதன் தலையில் எழுதி வைத்திருக்கிறாள்: "1.7-க்கு முந்தியது. 3-இல் அப்படியே போடாதே."

இப்படிக்கு,
பழைய வலைத்தளங்களைப் பராமரித்து வரும் ஒருவன்