பாலில் தண்ணீர்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு இரவு

அன்பு மகள் கவிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "உங்களுக்குப் புரியாதுப்பா" என்று முடித்துவிடுகிறாய். யுரேனியக் கம்பெனிப் பங்கு வாங்க, என் வயசான காலத்துக்குச் சேர்ந்திருக்கும் இபிஎப் காசில் 30,000 வெள்ளி கேட்டாயே, மூன்று வாரமாக உன் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து அதைத்தான் படிக்கிறேன். அம்மா திட்டுகிறாள்.

நீ சொன்னதில் பாதி சரிதான். உலகத்துக்கு வரும் யுரேனியத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கஸகஸ்தான் சரக்கு. அங்கே யுரேனியத்தைக் கரைத்தெடுக்கும் கந்தக அமிலத்துக்குத் தட்டுப்பாடு வந்தாலே உற்பத்தி தள்ளிப்போகிறது. அணுமின் நிலையத்தின் மொத்தச் செலவில் யுரேனியம் சின்னக் கணக்கு. விலை ஏறினாலும் வாங்கித்தான் ஆகவேண்டும். இதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 2007-ல் ஒரு பவுண்டு எடை யுரேனியம் 130 டாலரைத் தாண்டியபோதும் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பித்தானே வாங்கியிருப்பார்கள்? 2011-ல் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. 2016 கடைசியில் 20 டாலருக்கும் கீழே. மறுபடி 100-ஐப் பார்க்க 2024 ஜனவரி ஆயிற்று.

விலை விழுவதை நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1985 அக்டோபரில், ஈய (டின்) விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அனைத்துலக ஈய மன்றம் காசு தீர்ந்து கையை விட்டது. நம் கிந்தா பக்கத்தில் ஈயலம்பங்கள், அதுதான் ஈயச் சுரங்கங்கள், ஒன்றன்பின் ஒன்றாக மூடின. உன் பெரிய மாமா மண்வெட்டியோடு நம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மண்ணில் ஈயம் தீர்ந்தா போயிற்று? இல்லை.

எனக்குப் பயம் விலை மேல் இல்லை, பங்கு மேல். தோட்டத்துப் பால் ஸ்டோரில் 22 வருஷம் ரப்பர் பால் நிறுத்தவன் நான். சில பேர் வாளியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருவார்கள். எடை கூடும், ரப்பர் கூடாது. பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் கருவியைப் போட்டால் காட்டிக்கொடுத்துவிடும். (போட்டுக் காட்டினால் என்னைத்தான் ஏசுவார்கள், அது வேறு கதை.) நீ அனுப்பிய மூன்று கம்பெனி அறிக்கையிலும் ஒன்றே ஒன்றைப் பார்க்கச் சொன்னேன்: மொத்தப் பங்கு எத்தனை? ஒன்றில் நான்கு வருஷத்தில் இரண்டு மடங்காகியிருக்கிறது. இன்னும் ஒரு கிலோ யுரேனியம் வெட்டவில்லை. யுரேனியம் தேடித் துளை போடுகிறார்கள், காசு தீர்ந்ததும் புதுப் பங்கு விற்கிறார்கள், மறுபடி துளை. உன் பங்கு அப்படியே இருக்கும், அதற்குள் இருக்கும் ரப்பர்தான் குறைந்துகொண்டே வரும்.

வெட்டுகிறவனுக்கும் நிம்மதி இல்லை. கனடாவில் சிகார் லேக் சுரங்கத்துக்குள் 2006-ல் தண்ணீர் புகுந்தது. உற்பத்தி தொடங்க 2014 ஆயிற்று. உங்கள் பெர்த்திலேயே இருக்கும் பாலடின் என்ற யுரேனியக் கம்பெனியின் கதையைப் பார். பங்கு விலை 2003 வாக்கில் ஒரு சென்ட், 2007-ல் பத்து டாலருக்கு மேல். 2017-ல் கடனைக் கட்ட முடியாமல் நொடித்துப் போனது. பழைய பங்குக்காரர்கள் நூற்றுக்கு 98 பங்கைக் கடன் கொடுத்தவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. நமீபியாவில் அவர்களுடைய சுரங்கம் 2024-ல் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. ஓடி என்ன, பழைய ஆளுக்குக் கையில் இருப்பது இரண்டு.

தாத்தாவும் பங்கு வாங்கியவர்தான், தெரியுமா? வெள்ளைக்காரன் ரப்பர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, அவற்றை வாங்க 1960-ல் நம் ஊர்க்காரர், மந்திரி துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில், சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். அதில் பால் சொட்டும் மரம் இருந்தது, தாத்தாவே பால் வெட்டிய மரம்.

30,000 தர மாட்டேன் கண்ணு. 5,000 தருகிறேன். இப்போதே வெட்டி விற்றுக்கொண்டிருக்கும் கம்பெனியாக இருக்கட்டும். வீட்டுக்கு முன்பணம் கட்ட நீயும் மாப்பிள்ளையும் சேர்த்ததில் கை வைக்காதே. வருஷா வருஷம் மொத்தப் பங்கு எத்தனை என்று எனக்குச் சொல்ல வேண்டும். நோட்டில் எழுதி வைப்பேன்.

தாத்தாவின் பங்குப் பத்திரத்தை நேற்று பெட்டியில் தேடி எடுத்தேன். ஒரு மூலையைக் கரையான் தின்றுவிட்டது, பேர் மட்டும் தெளிவாக இருக்கிறது. தம்பியைப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா