படுகளத்துக்கு மூணு நாள் முன்னாடியே வா

வந்தவாசி,
வைகாசி 3

அன்புள்ள விஜயாவுக்கு,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. பதில் எழுத உட்காரும் போதெல்லாம் யாராவது வந்து கதவைத் தட்டுகிறார்கள். சின்னவனுக்குப் பெண் பார்க்கும் படலம் ஓடிக்கொண்டிருக்கிறது. தரகர் ஒருவர் தினமும் வந்து காபி குடித்துவிட்டுப் போகிறார், ஜாதகம்தான் வந்தபாடில்லை. இவருக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து இப்போது மாடி ஏறுகிறார். டாக்டர் செய்யச் சொன்ன பயிற்சியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்கிறார். அண்ணன் ரிட்டயர் ஆனதிலிருந்து காலைச் சமையல் அவருடையது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இவரிடம் சத்தமாகவே படித்துக் காட்டினேன். காது கேட்காத மாதிரி பேப்பரைப் புரட்டுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் லீவில் பேத்தியோடு வருகிறேன், ஒரு கூத்து காட்ட முடியுமா என்று கேட்டிருந்தாய். உனக்கு நல்ல நேரம்தான். பெரியம்மா ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் இந்த வருஷம் பாரதம் வைத்திருக்கிறார்கள், அதுதான் மகாபாரதக் கதையைப் பகலில் பாடிச் சொல்லியும் ராத்திரி கூத்தாடியும் நடத்துகிற திருவிழா. அங்கே வருஷா வருஷம் நடப்பதில்லை. வரி வசூலாக வேண்டும், ஊர் ஒத்துப்போக வேண்டும், நடுவில் பெரிய சாவு எதுவும் விழக் கூடாது. இந்தத் தடவை எல்லாம் கூடி வந்திருக்கிறது. வைகாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை படுகளம், துரியோதனன் சாகிற கட்டம். அதற்குள் அக்னி நட்சத்திரமும் முடிந்துவிடும்.

நோட்டீஸ் இதோ பக்கத்தில் இருக்கிறது. நீளமான மஞ்சள் தாள், மேலே அம்மன் படம், கீழே கட்டம் கட்டமாகத் தேதி. ஒவ்வொரு தேதிக்கும் பகலில் என்ன பாரதம், ராத்திரி என்ன கூத்து, யார் உபயம் என்று போட்டிருக்கிறார்கள். துகிலுரிதலுக்கு உபயம் பால் சொசைட்டி. கர்ண மோட்சத்துக்கு உரக்கடைக்காரர். பதினெட்டாம் போருக்கு மட்டும் 'ஊர்ப் பொது'. அந்தச் செலவைத் தனி ஆள் தாங்க முடியாது என்று பெரியம்மா சொன்னாள்.

ஞாயிறு ஒரு நாள் வந்தால் படுகளமும் தீமிதியும் சேர்த்துப் பார்த்துவிடலாமே என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். வேண்டாம் விஜயா. தீமிதி உனக்கு அங்கே சிங்கப்பூரிலேயே இருக்கிறது. ஐப்பசி மாதம் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் வரைக்கும் கூட்டம் நடக்கிறதை நீதானே எனக்கு எழுதுவாய். அதையே பார்க்க விமானம் ஏறி வருவானேன்? இங்கே பார்க்க வேண்டியது கதை சொல்கிற விதம். அதற்கு ஒரு நாள் போதாது. வியாழக்கிழமையே வந்துவிடு.

ஏன் என்று சொல்கிறேன். ஒரே கதையை இவர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மத்தியானம் வாயால், ராத்திரி வேஷத்தால், கடைசியில் மண்ணால். சென்னையிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் எல்லாம் ராத்திரிக்கும் படுகளத்துக்கும் வந்து நிற்கிறார்கள், மத்தியானத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மத்தியானம்தான் பிடிக்கும். இரண்டு மணிக்குக் கோயிலுக்கு முன்னால் பந்தலில் பிரசங்கியார் உட்காருவார். பக்கத்தில் ஆர்மோனியம், மிருதங்கம். வில்லிபாரதத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்து நீட்டிப் பாடுவார், அப்புறம் பிரித்துப் பிரித்துப் பொருள் சொல்வார். நடுவில் உள்ளூர் விவகாரம், மருமகள் கதை, கரண்ட் போனது எல்லாம் வரும். தருமன் சூதாட உட்காரும் இடத்தில் ஆன்லைன் ரம்மி வரப்போகிறது, எழுதி வைத்துக்கொள். கேட்கிறவர்கள் பெரும்பாலும் கிழவிகள். வெற்றிலை மென்றுகொண்டே கேட்பார்கள், பிரசங்கியார் ஓர் இடத்தைத் தாண்டிப் போனால் விட மாட்டார்கள். வில்லிபுத்தூரார் நாலாயிரத்துச் சொச்சம் பாட்டு எழுதியிருக்கிறார். நாம் பரீட்சைக்கு அதில் ஒரு பத்துப் பாட்டு மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்கள். பள்ளிக்கூடம் போகாத பெரியம்மாவோ அடுத்து வரப்போகிற பாட்டின் முதல் வார்த்தையை முணுமுணுக்கிறாள்.

மத்தியானம் இதைக் கேட்டுவிட்டு ராத்திரி போய் உட்கார்ந்தால் கூத்து வேறு மாதிரி ஆகிவிடுகிறது. கதை தெரிந்துவிட்டதே, இனி என்ன பார்க்க என்று தோன்றாது. இந்த ஆள் அதை எப்படிச் செய்யப் போகிறான் என்றுதான் மனசு போகும். மத்தியானம் பிரசங்கியார் கர்ணனைத் தூக்கி வைத்துப் பேசியிருப்பார். ராத்திரி கூத்தில் அவன் பெண்டாட்டி பொன்னுருவி அவனைப் பிறப்பு தெரியாதவன் என்று வாய்க்கு வந்தபடி கேட்பாள், அவன் போருக்குப் போகும் முன் விடைபெற வந்து நிற்பான். அந்த இடத்தில் பெண்கள் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்கும். வெள்ளி ராத்திரி அதுதான். உரக்கடைக்காரர் கொடுத்து வைத்தவர்.

நீ எந்த நேரத்துக்கு விழித்திருக்கிறாயோ இல்லையோ, வேஷம் வருகிற நேரத்தை விட்டுவிடாதே. கட்டியங்காரன் வந்து கொஞ்சம் சிரிக்க வைத்துவிட்டுப் போவான். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், கீழே சலங்கைக் கால். உள்ளே இருந்தபடியே துரியோதனன் விருத்தம் பாடுவான். மத்தளமும், குட்டி நாகஸ்வரம் மாதிரி ஊதுகிற முகவீணையும் ஏறிக்கொண்டே போகும். சட்டென்று காட்ட மாட்டார்கள். துணி ஒரு முழம் இறங்கும், சிவப்பு பூசின முகம் தெரியும், மறுபடி ஏறிவிடும். கடைசியில் துணியை உதறிவிட்டு வந்து அவன் சுழன்று சுழன்று கிறுக்கி அடிக்கும்போது தோளில் கட்டின புஜக்கட்டையின் கண்ணாடித் துண்டுகள் நம் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். அந்தக் கட்டைகள் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கினவை, கனம் குறைவு என்பார்கள். குறைவு என்றாலும் விடிய விடிய அதைச் சுமந்து ஆட வேண்டும் அல்லவா? பேத்தியை ஒன்பது மணிக்கே வேஷம் கட்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போகலாம். தொந்தரவு செய்யாமல் ஓரமாக உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொள்வதை அவள் பார்க்கட்டும்.

பெண் வேஷமும் ஆம்பிளைதான் கட்டுவாரா என்று அவள் கண்டிப்பாகக் கேட்பாள். இங்கே இன்னும் அப்படித்தான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் குருகுலம் நடத்திப் பெண் பிள்ளைகளுக்கும் இந்தக் கூத்தை, அவர் வழக்கில் கட்டைக்கூத்தை, கற்றுக்கொடுத்தார். 2020இல் அதை மூடிவிட்டார்கள். அங்கே படித்த பெண்கள் ஆடுவதைப் பார்க்க எனக்கு ஆசை, இதுவரை வாய்க்கவில்லை.

உன் கடிதத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தாய். சென்னையில் ஏசி அரங்கத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டுகிறார்களாமே, பேத்திக்கு அது போதாதா என்று. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். நாடகம் எழுதுகிற ந. முத்துசாமி மாதிரி ஆட்கள் புரிசை கிராமத்துக் கூத்தைப் பார்த்து அசந்துபோய்ப் பட்டணத்தில் எழுதவில்லை என்றால், 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கவில்லை என்றால், இவ்வளவு பேருக்குக் கூத்து என்ற ஒன்று தெரிந்தே இருக்காது. கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்பத் தம்பிரான் பேர் வெளிநாடு வரை போனதும் அந்த வழியில்தான். ஆனால் அரங்கத்தில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து வாயை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே ஒருத்தர் தூங்குவார், ஒருத்தர் வேர்க்கடலை உரிப்பார், கைக்குழந்தை அழும், பையன்கள் போனை நோண்டுவார்கள். துகிலுரிதலில் துச்சாதனன் சேலையில் கை வைக்கும்போது அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வேஷக்காரர் முதலில் அம்மனுக்குக் கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்டபிறகுதான் தொடுவார். அவருக்கு எதிரே நிற்கிறது கூடவே டீ குடித்த ஆள்தான். அந்த நேரத்துக்கு அவர் அம்மன்.

நீ வருவதற்குள் துகிலுரிதலும் அர்ச்சுனன் தபசும் முடிந்திருக்கும். தபசைத் தவறவிடுவதில் எனக்கே வருத்தம். ஓங்கி நிற்கிற தபசு மரத்தில் பாட்டுக்கு ஒரு படியாக ஏறுவார், உச்சியிலிருந்து எலுமிச்சையும் விபூதியும் பூவும் கீழே விழும், பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் மடியேந்திக் காத்திருப்பார்கள். உன் மருமகளுக்கு லீவு கிடைக்காது என்று எழுதிவிட்டாய், அப்புறம் சொல்லி என்ன செய்ய. பகாசூரன் வண்டியும் அதற்கு முன்பே போய்விடும். வண்டி நிறையச் சோற்றோடு பீமன் தெருத் தெருவாக வருவான், பேத்திக்குப் பிடித்திருக்கும்.

சனி ராத்திரிதான் பதினெட்டாம் போர். அன்றைக்குத் தூங்காமல் இருக்க வேண்டும், ஏனென்றால் அது மேடையோடு முடியாது. விடிகிற நேரத்துக்குக் கோயில் பக்கத்துத் திடலில் துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். மண்ணாலேயே செய்த உருவம், முப்பது நாற்பது அடிக்குக் குறையாது. குயவர் வீட்டு ஆட்கள் ராத்திரி முழுக்கக் களிமண் குழைத்து அடித்துச் செய்வார்கள். மீசையும் முறைக்கிற கண்ணும் கையில் கதையுமாக, படுத்திருந்தாலும் பயமாகத்தான் இருக்கும். ராத்திரி ஆடின பீமனும் துரியோதனனும் வேஷம் கலைக்காமல் அங்கே வந்து, அந்த மண் உடம்பைச் சுற்றியும் அதன் மேலேயும் ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் குங்குமம் கரைத்த தண்ணீரைப் புதைத்து வைத்திருப்பார்கள். பீமன் அடித்ததும் சிவப்பாகப் பீறிடும். சூதாட்டத்தில் விரித்த கூந்தலைத் திரௌபதி அதைத் தொட்டு முடிவாள். அப்போது வெயில் ஏறியிருக்கும். ஊரே குலவை போடும். உடனே இன்னொரு பக்கம் துரியோதனன் பெண்டாட்டி பெருந்திருவாள் ஒப்பாரி வைத்துக்கொண்டு வருவாள். ஜெயித்தவளுக்குக் குலவை போட்ட அதே வாய்கள் இவளுக்காக அழும். இந்த இடம் எனக்கு எப்போதும் விளங்கினதில்லை, விளங்காமலே பிடித்திருக்கிறது. எல்லாம் முடிந்ததும் துரியோதனன் உடம்பிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள், நெல் குதிரில் போட. பெரியம்மா வீட்டில் குதிர் போய் அரிசி டிரம் வந்துவிட்டது, மண் அதில் போகிறது.

சாயங்காலம் தீமிதி. அதை உன்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஏற்பாடு. விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கிவிடுங்கள். தம்பி காரோடு நிற்பான். பஸ்ஸும் உண்டு, ஆனால் உன் பெட்டிகளை எனக்குத் தெரியும். வியாழன் ராத்திரி அபிமன்யு சண்டை. பிரயாணக் களைப்பு இருக்கும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படுத்துவிடுவோம். வெள்ளியும் சனியும் மத்தியானம் பாரதம் கேட்கிறோம், அதற்கு முன் காலையில் தூங்குகிறோம். நடுவில் செஞ்சிக் கோட்டை போகலாமா என்று ஆரம்பிக்காதே. செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரியில் இருப்பதுதான் திரௌபதிக்கு ஆதி கோயில் என்பார்கள், அதனால் எனக்கும் ஆசைதான். திங்களுக்குப் பிறகு தெம்பு இருந்தால் பார்ப்போம்.

பெரியம்மா வீட்டில் இப்போது வெஸ்டர்ன் டாய்லெட் கட்டிவிட்டார்கள், அந்தக் கவலையை விடு. வீட்டிலிருந்து கூத்து நடக்கிற இடம் கூப்பிடு தூரம். பாய் வாங்கி வைக்கிறேன். வந்தவாசியில் இருந்துகொண்டு கோரைப் பாய்க்கா பஞ்சம்? ஸ்பீக்கர் கொம்புக்கு எதிரில் மட்டும் உட்காரக் கூடாது, மறுநாள் வரை காதில் குய்யென்று இருக்கும். மத்தளக்காரருக்கு வலப்பக்கம், பெண்கள் உட்காருகிற இடத்தில் மூன்றாவது வரிசை வாக்கில் நல்ல இடம், பெரியம்மா சாயங்காலமே பாயைப் போட்டு வைத்துவிடுவாள். விடிகாலையில் காற்று அடித்தால் போர்த்திக்கொள்ளப் பேத்திக்கு ஒரு போர்வை. கொசுவுக்கு நீ அங்கிருந்து ஏதாவது கொண்டு வந்தால் நல்லது. ஊருக்குக் காப்புக் கட்டியிருப்பதால் வீட்டில் கவுச்சி கிடையாது, அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. கோயிலில் முத்தால ராவுத்தர் சந்நிதி இருக்கும், திரௌபதிக்குக் காவலாக ஒரு முஸ்லிம் வீரர் எப்படி வந்தார் என்று கேட்பாள். அந்தக் கதையைப் பெரியம்மா வாயால்தான் கேட்க வேண்டும், நான் சொன்னால் ருசிக்காது.

கும்பகோணத்துக்காரி இரண்டு வருஷமாகப் போனே எடுப்பதில்லை, உனக்காவது பேசினாளா? பேசினால் அவளையும் கிளப்பு. மூன்று பேரும் ஒரு பாயில் உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, இல்லாவிட்டால் சின்னவன் நம்பருக்கு ஒரு மெசேஜ் போடு. அண்ணன் வருவதாக இருந்தால் இவருக்குத் துணையாக வீட்டிலேயே விட்டுவிடலாம், சமையலும் நடக்கும். பெரியம்மாவுக்குக் கோடாலித் தைலம் பெரிய பாட்டிலாக இரண்டு. எனக்கும் ஒன்று.

அன்புடன்,
சாந்தா