பயிற்சி மைய வகுப்பறைகளில் காற்றுத் தரம் அளக்கும் சென்சார் வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்: நீட் தேர்வுக்குப் படிக்கும் மாணவி ஒருவரின் தாய், நாமக்கல்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நாமக்கல்.

பொருள்: ஏ.சி. வகுப்பறைகளில் காற்றுத் தரம் அளக்கும் சென்சார் பொருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

என் மகள் ஒரு நீட் பயிற்சி மையத்தில் படிக்கிறாள். தினமும் வகுப்பு முடிந்து வரும்போது தலைவலி என்பாள், பாடம் நடக்கும்போதே கண் சொக்குகிறது என்பாள். ராத்திரி போன் பார்க்கிறாள் போல என்று அவளைத்தான் திட்டினேன். அப்புறம் ஏ.சி. மெக்கானிக்கான என் தம்பி, கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்றைக் கொடுத்து மேசைமேல் வைக்கச் சொன்னான். காலை 9 மணிக்கு 600 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 600 பங்கு. 10 மணிக்கு 2,400. வெளிக்காற்றில் இது 420-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

60 பிள்ளைகள் உட்காரும் அந்த ஹாலின் ஜன்னல்களை பிளைவுட் வைத்து அடைத்திருக்கிறார்கள். ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும், வெளிக்காற்றை இழுக்காது. தம்பி சொல்லும்வரை எனக்கும் இது தெரியாது. 2,400 என்றால் விஷம் என்று சொல்ல வரவில்லை. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதை அந்த எண் காட்டுகிறது. காசநோய் பரவுவது அந்த மூச்சு வழியாகத்தான்.

ஒரு மையத்தின் மேல் நடவடிக்கை கேட்டு நான் வரவில்லை. நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுக் காற்றுத் தர அளவுகள் வெளிக்காற்றுக்கானவை. வகுப்பறைக்குள் யாரும் அளப்பதில்லை. இங்கிலாந்தில் 2021-இல் அரசே பள்ளிகளுக்கு இந்த மீட்டர்களைக் கொடுத்தது.

எனவே, மாவட்டத்தில் உள்ள பயிற்சி மையங்களின் ஏ.சி. வகுப்பறைகள் ஒவ்வொன்றிலும், பிள்ளைகள் கண்ணில் படும்படி ஒரு மீட்டர் மாட்ட உத்தரவிட வேண்டுகிறேன். அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் வகையாக அது இருக்க வேண்டும். மலிவான சிலவற்றில் வேறு வாயுக்களை வைத்துக் கணக்குப்போட்ட எண்தான் வருகிறது. ஏ.சி.க்கு நேர் கீழேயோ ஜன்னல் ஓரத்திலோ மாட்டினால் உண்மையான அளவு தெரியாது. 1,000-ஐத் தாண்டினால் ஜன்னலைத் திறக்க வேண்டும். லாரி போகும் ரோட்டோரம் என்றால் புகையும் தூசியும் உள்ளே வரும் என்பதால், அங்கே பிஎம் 2.5 எனப்படும் நுண்தூசியை அளக்கும் சென்சாரும், வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் மின்விசிறியும் வேண்டும்.

தங்கள் அலுவலர் யாரையாவது அனுப்பினால், தம்பியின் மீட்டரோடு நானும் உடன் வருகிறேன். காலை 9 மணிக்கு ஒருமுறை, 10 மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
மாணவியின் தாய்