தூளி கட்ட முடியாத ஊருக்கு

அன்புள்ள கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் போட்ட பட்டியலைப் பார்த்தேன். ஒன்பது நாளில் பாரிஸ், வெனிஸ், வியன்னா. மே மாசம் பெரியவனுக்கு ரெண்டரை வயசு, பாப்பாவுக்கு ஒன்பது மாசம். இந்த ரெண்டு பேரோடும் போவதென்றால் ஒரே ஊர், ஒரே வீடு, எட்டு ராத்திரி. எந்த ஊர் என்று கேட்டால் வியன்னா என்பேன்.

காரணம் அரண்மனை இல்லை, லிஃப்ட். பாரிஸ் மெட்ரோ 1900-இல் திறந்தது. பாதிக்கு மேல் நிலையங்களில் படிக்கட்டுதான். கடைசியாக வந்த 14-ஆம் தடத்தில் மட்டும் எல்லா இடத்திலும் லிஃப்ட் உண்டு. அங்கே தள்ளுவண்டியோடு பஸ்ஸையே நம்ப வேண்டும். வெனிஸில் பாலங்களே நானூறுக்கு மேல், அதில் பெரும்பாலானவை படி வைத்தவை. வியன்னாவின் சுரங்க ரயில் 1978-இல் வந்தது, எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. எஸ்கலேட்டரில் தள்ளுவண்டி ஏற்றக் கூடாது என்பது அங்கே விதி. ஆறு வயசுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ரயில், டிராம், பஸ் எதிலும் டிக்கெட் கிடையாது, வண்டிக்கும் கிடையாது.

இனி காகித வேலை. தை பிறந்துவிட்டது, தள்ளிப்போடாதே. பாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா பார். ஆஸ்பத்திரியில் பதியும்போது பெரும்பாலும் பெயர் இடம் காலியாகத்தான் இருக்கும். ஒரு வருசத்துக்குள் என்றால் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு தாமதக் கட்டணம். பெயரை எழுதும்போதே இன்ஷியலை விரித்து எழுதிவிடு. சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி என்றால் விசாவில்தான் மாட்டும். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தைக் காலியாக விட்டால், டிக்கெட் போடும்போது அந்தக் கட்டம் காலியாக நிற்க விடாது. அதற்கு என்ன போட வேண்டும் என்பதை அந்த விமான கம்பெனியிடமே கேட்டுவிட்டுப் பணம் கட்டு. பாப்பாவின் போட்டோ எடுக்க, வெள்ளை வேட்டியைக் கட்டிலில் விரித்து அவளைப் படுக்கவைத்து மேலிருந்து எடுக்கலாம். கண் திறந்திருக்க வேண்டும், உன் கை தெரியக் கூடாது. சிறுவர் பாஸ்போர்ட் 5 வருசத்துக்குத்தான். பெரியவனுடையது எப்போது எடுத்தது என்று பார். திரும்பி வரும் தேதிக்குப் பிறகு மூணு மாசமாவது உயிரோடு இருக்க வேண்டும்.

ஷெங்கன் விசா என்பது ஆஸ்திரியா உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்த ஒரே விசா. அது ஆளாளுக்குத் தனி, கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயசுக்குக் கீழே விசாக் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையம் வாங்கும் சேவைக் கட்டணம் வேறு கணக்கு. பயணத்துக்கு 6 மாசம் முன்பிருந்து கொடுக்கலாம். 15 நாளில் முடிவு என்பார்கள், 45 நாள் வரை இழுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கோடை விடுமுறைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கஷ்டம் என்பதால் பிப்ரவரியில் கொடுத்துவிடு. காப்பீடு நாலு பேருக்கும், ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாமல். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் புதுப் பதிவு முறை வந்திருக்கிறது. விசாவோடு போகிற பெரியவர்களின் கைரேகை விசாவிலேயே பதிவாகியிருக்கும், எல்லையில் அதைச் சரிபார்த்து முகப் படம் எடுப்பார்கள்; 12 வயசுக்குள் படம் மட்டும். வரிசை நீளும். இறங்கும் முன்பே டயப்பர் மாற்றிப் பால் கொடுத்துவிடு.

வீடு பிடிப்பதில்தான் பெரிய வேலை இருக்கிறது. ஓட்டல் அறை வேண்டாம். ஏழு மணிக்குப் பிள்ளைகள் தூங்கினால் நீங்கள் ரெண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். கதவு உள்ள தனிப் படுக்கையறை, சமையலறை, துணி துவைக்கும் மெஷின், இந்த மூணும் உள்ள அபார்ட்மென்ட்டாகப் பார். வியன்னாவின் பழைய கட்டிடங்களில் ஒரு சூட்சுமம் உண்டு. தரைத்தளத்துக்கு மேலே ஹோக்பார்டேர் என்று ஒன்று, அதற்கு மேல் மெஸனீன் என்று ஒன்று, அப்புறம்தான் ‘முதல் மாடி’ என்று எண்ணத் தொடங்குவார்கள். முதல் மாடிதானே என்று எடுத்தால் நம் கணக்கில் அது மூணாம் மாடி. லிஃப்ட் உண்டு என்று விளம்பரத்தில் இருந்தாலும், அது அரை மாடி ஏறிய பிறகு தொடங்கலாம். பிற்காலத்தில் மாடிப்படிக் குழிக்குள் திணித்த லிஃப்டாக இருக்கலாம். ஆகவே முன்பணம் கட்டும் முன் மூணு கேள்வி எழுதிக் கேள்: தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி, லிஃப்ட் கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர், தள்ளுவண்டியைக் கீழே நிறுத்த இடம் உண்டா. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு பேர் உட்காரும் வண்டி 75 சென்டிமீட்டர் வாக்கில் வரும், அது அந்த லிஃப்டில் நுழையாது. ஒற்றை வண்டி ஒன்று, மாப்பிள்ளையின் மார்பில் கட்டிக்கொள்ளும் கேரியர் ஒன்று, அது போதும். வண்டியின் முன்சக்கரம் பெரிதாக இருக்கட்டும். பழைய நகரத்தின் கல் பாவிய தெருவில் சின்னச் சக்கரம் இடுக்கில் சொருகி நின்றுவிடும்.

இப்போது தூளி. அங்கே வாடகை வீட்டில் கொக்கியும் இல்லை, விட்டமும் இல்லை. சேலையின் ஆட்டத்திலேயே தூங்கிப் பழகிய குழந்தை அசையாத மெத்தையில் கண்ணை விழித்துக்கொண்டு கத்தும், அதுவும் தெரியாத அறையில். கிளம்புவதற்கு மூணு வாரம் முன்பே மாற்றத் தொடங்கு. முதல் வாரம் பகல் தூக்கம் மட்டும் தரை மெத்தையில். ரெண்டாம் வாரம் ராத்திரி முதல் தூக்கமும். மூணாம் வாரம் தூளியை அவிழ்த்தே வைத்துவிடு. தூளிச் சேலையை மட்டும் துவைக்காமல் பையில் போட்டுக்கொள். அதன் வாசனை அவளுக்குத் தெரியும், மெத்தை மேல் இழுத்து இறுக்கி விரிப்பாகப் போடலாம். முகத்துப் பக்கம் துணி தளர்ந்து கிடக்கக் கூடாது. வீட்டுக்காரரிடம் ‘கிட்டர்பெட்’ கேள், கம்பி அடைப்பு வைத்த குழந்தைக் கட்டில் அது.

நேரம் மே மாசத்தில் நமக்கு மூன்றரை மணி பின்னே. இங்கே ராத்திரி 9-க்குத் தூங்கி காலை ஆறரைக்கு எழுகிறவன், அங்கே சாயங்காலம் ஐந்தரைக்குச் சாய்ந்து விடியற்காலை 3-க்கு ‘அம்மா’ என்று நிற்பான். முழுசாகத் திருத்த முயலாதே. கிளம்பும் முன் நாலு நாள், நாளுக்கு அரை மணியாகத் தள்ளினால் ரெண்டு மணி குறையும், மீதியை அப்படியே வைத்துக்கொள். ஏழரைக்குத் தூக்கம், ஐந்துக்கு விழிப்பு. ஆனால் மே கடைசியில் அங்கே சூரியன் மறைய எட்டரைக்கு மேல் ஆகும், உதிப்பது ஐந்து மணி வாக்கில். வெளிச்சத்தில் பையன் தூங்க மாட்டான். கறுப்புத் துணி மூணு மீட்டர், துணி கிளிப் பத்து, சுவரில் பசை ஒட்டாமல் உரியும் மாஸ்கிங் டேப் ஒரு உருளை, இவை பெட்டியில் முதலில் போக வேண்டியவை.

விமானத்தில் ரெண்டு வயசுக்குள் மடி. பெரியவனுக்கு முழு சீட். தொட்டில் மாட்டும் முன்வரிசையை டிக்கெட் போட்ட அன்றே போன் செய்து கேள். எடை வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பாப்பாவை எடை போட்டுவிட்டுப் பேசு. பெல்ட் விளக்கு எரிந்தால் தொட்டிலிலிருந்து தூக்கச் சொல்வார்கள், நடுராத்திரியானாலும். காது அடைப்பது இறங்கும்போதுதான் அதிகம், அந்த அரை மணிக்கு ஒரு வேளைப் பாலை மிச்சம் வை. வாசல் வரை கொண்டுபோன தள்ளுவண்டி நடுவில் மாறும் ஊரில் கைக்கு வருமா, வியன்னாவில்தான் வருமா என்று டேக் போடும்போதே கேள். கேட்காவிட்டால் மூணு மணி நேரம் தூங்குகிற ரெண்டு பேரையும் தோளில் சுமக்க வேண்டும். டயப்பர், வீட்டிலிருந்து அந்த வீடு வரை ஆகும் நேரத்துக்கு ரெண்டு மணிக்கு ஒன்று என்று எண்ணி, அதில் பாதியைக் கூட்டி எடு. மீதி அங்கே டிஎம், பிப்பா என்ற கடைகளில் கிடைக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கும் விமானம் வேண்டாம். சனி ஆறு மணிக்குக் கடை மூடினால் திங்கட்கிழமைதான். ஞாயிறன்று பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட் மட்டும் திறந்திருக்கும், கூட்டம் நெரியும். மே, ஜூனில் அவர்களுக்குப் பண்டிகை விடுமுறைகளும் உண்டு, தேதி பார்த்துக்கொள்.

சாப்பாட்டில் ஒரு கறாரான விதி. ஐரோப்பாவுக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. உன் மாமியார் நெய் கட்டிக் கொடுத்தால் அன்போடு மறுத்துவிடு, பால்கோவாவும் அப்படியே. குழந்தைப் பால் பவுடருக்கு மட்டும் விலக்கு: ஆளுக்கு 2 கிலோ வரை, கம்பெனி பாக்கெட்டில், பிரிக்கும் வரை ஃப்ரிட்ஜ் தேவைப்படாததாக. மல்கோவாவும் வேண்டாம், சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். சான்று கேட்காத பழங்கள் ஐந்தே ஐந்து: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். நம்ம ஊர் ஜவ்வரிசி கால் கிலோ, பால் பவுடர் கலக்காத சத்துமாவு, ராகி மாவு எடுத்துக்கொள். அரிசி, தயிர், ரவை அங்கேயே வாங்கலாம். தயிர் பாக்கெட்டில் ‘நாட்டூர்யோகர்ட்’ என்று இருக்கும், ரவைக்கு ‘க்ரீஸ்’. குக்கர் கொண்டுபோவதென்றால் அடி தட்டையான ஸ்டீல், இண்டக்‌ஷனுக்கு ஏற்றது. அலுமினியக் குக்கரை அந்த அடுப்பு கண்டுகொள்ளவே கொள்ளாது. குழாய்த் தண்ணீர் மலை ஊற்றிலிருந்து வருவது, நல்ல தண்ணீர்; பாப்பாவின் பாலுக்கு மட்டும் கொதிக்கவைத்துக்கொள். கழிவறையில் மக் இருக்காது, வாய் குறுகிய பாட்டில் ஒன்று கைப்பையிலேயே இருக்கட்டும்.

காய்ச்சல் மருந்தில் கவனம். பாரசிட்டமால் டிராப்ஸ் 1 மில்லியில் 100 மில்லிகிராம், சிரப் 5 மில்லியில் 120 அல்லது 250. டிராப்ஸ் அளவைச் சிரப்பில் ஊற்றினாலும், சிரப் அளவை டிராப்ஸில் ஊற்றினாலும் தப்பு. டாக்டரிடம் ரெண்டு பேரின் எடைக்கும் எத்தனை மில்லிகிராம் என்று எழுதி வாங்கி, பாட்டிலிலேயே ஒட்டிவிடு. அங்கே மருந்து ‘அப்போதேக்க’ என்ற கடையில் மட்டும்தான், சூப்பர் மார்க்கெட்டில் தேடாதே. ஆம்புலன்ஸ் 144, உடம்பு சரியில்லை என்றால் ஆலோசனை கேட்க 1450.

சுற்றிப் பார்ப்பது காலையில் ஒன்று, அவ்வளவுதான். மத்தியானம் வீட்டுக்கு வந்து தூக்கம். ஷோன்புருன் விலங்குக் காட்சிசாலை, 1752-இல் தொடங்கியது. ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே நில். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தலையாட்டும் டைனோசர் இருக்கிறது, 19 வயசுக்குள் இலவசம், பெரியவன் பயந்தால் அடுத்த அறை. பிராட்டர் பூங்காவில் குட்டி ரயில். மழை வந்தால் பழைய நகரத்தைச் சுற்றிய ரிங் சாலையில் ஓடும் டிராமில் ஏறி ஜன்னலோரம் உட்கார், ஊரே கடந்து போகும்.

இதெல்லாம் சரிவருமா என்று அங்கே போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள், ஏற்காட்டில் ரெண்டு ராத்திரி ஒத்திகை. வியன்னாவுக்கு எடுக்கும் அதே பெட்டிகள், அதே வண்டி, அதே கேரியர், அதற்கு மேல் ஒரு பொருள்கூடக் கூடாது. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவில் பெரியவன் வாந்தி எடுக்கிறானா, எத்தனாவது வளைவில் என்று பார். விமானத்தில் எத்தனை உடுப்பு தேவை என்று தெரிந்துவிடும். அந்த மாச ராத்திரிக் குளிருக்குப் போடும் உடுப்பு அங்கே மே மாச ராத்திரிக்கும் உதவும். தூளி இல்லாமல் பாப்பா தூங்குகிறாளா, கறுப்புத் துணி ஜன்னலை மறைக்கிறதா, ஏரிக்கரையில் வண்டியை ஒரு கையால் தள்ள முடிகிறதா. திறக்காமலே திரும்பி வரும் பொருள்களை சேலம் அஸ்தம்பட்டி வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன்.

எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல். அறை இப்போதே பிடித்தால்தான் கீழ்த்தளம் கிடைக்கும்.

அன்புடன்,
அம்மா