பொங்காத பால்

கோபிசெட்டிபாளையம்
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள சரோஜாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலம்தானே? முட்டி வலிக்குத் தேய்க்கிற அந்த எண்ணெயை விட்டுவிட்டாயா, இல்லை இன்னும் தெருவையே மணக்க வைக்கிறாயா? பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. காரணம் இருக்கிறது, கீழே வருகிறது. அதுவரை திட்டாமல் படி.

விஷயம் இதுதான். குன்னூரில் இரண்டு நாள் வகுப்பு ஒன்று நடத்துகிறார்கள். வீட்டில் சீஸ் செய்யச் சொல்லித் தருகிறார்களாம். தங்க இடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். வியாழக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். போகலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக மனசு ஊசலாடுகிறது. எங்களுக்குப் பால் லிட்டருக்கு 35 ரூபாய் கிடைக்கிறது. அந்தக் கணக்கில் 7,500 என்பது இருநூற்றுப் பத்து லிட்டருக்கும் மேலே. அத்தனை பாலையும் கறந்த கைக்குத்தான் அந்தக் கணக்கின் கனம் தெரியும்.

சீஸ் பைத்தியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். போன மாசம் ஒரு காலையில் பால் சொசைட்டியில் எங்கள் பாலைத் திருப்பிவிட்டார்கள். ஃபேட் 4 இருக்கிறது, எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக மிச்சம் இருக்கிற திடச்சத்து) 8 கூட இல்லை, வேண்டாம் என்று 11 லிட்டரைக் கேனோடு தள்ளி வைத்துவிட்டார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத பால்! மாட்டுக்குத் தீனி மாறினால் எஸ்.என்.எஃப். இறங்கத்தான் செய்யும், அது அவர்களுக்கும் தெரியும். அந்தக் கேனை மறுபடியும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் வழியாக வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கம்பக்கம் கொடுத்தேன், பனீர் போட்டேன், தயிருக்கு உறை ஊற்றினேன், அப்படியும் 5 லிட்டர் மிச்சம். பேரன் லீவுக்கு வந்திருந்தான். "அம்மாயி, பீட்சாவுக்குப் போடுற சீஸை நாமே செய்யலாம்" என்று சொல்லி, போனில் தட்டி, சீஸுக்குப் பாலை உறைய வைக்கிற ரெனெட் மாத்திரை வரவழைத்தான்.

அன்றைக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன், கேள். அந்த 5 லிட்டரை அன்றைக்கே காய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். மாத்திரை வந்த அன்று எடுத்து, கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, கால் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறினேன். முக்கால் மணி நேரத்தில் கெட்டித் தயிர் மாதிரி உறையும், கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டலாம் என்று பேரன் படித்துச் சொன்னான். ஒரு மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று. விரலை விட்டுப் பார்த்தால் கேப்பங்கூழ் மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. துணியில் ஊற்றினால் துணியின் கண்ணெல்லாம் அடைத்துக்கொண்டு ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. ராத்திரி பூராவும் தொங்கவிட்டு, மீதி வந்ததைச் சுடுதண்ணீரில் போட்டு இழுத்தோம். ரப்பர் மாதிரி நீளாமல் ஊறின கடலை மாவு மாதிரி உதிர்ந்தது. பேரன் முகம் விழுந்துவிட்டது. எல்லாவற்றையும் கழுநீர்த் தொட்டியில் கொட்டினோம். மாடு கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தது.

அதற்கப்புறம்தான் இந்த வகுப்பு கண்ணில் பட்டது. போன் செய்தேன். எடுத்தது வகுப்பு நடத்துகிற அம்மாவேதான், தமிழ் நன்றாகப் பேசுகிறார். நான் பாதி சொல்வதற்குள், "பாலைக் காய்ச்சினீங்களா?" என்று கேட்டார். காய்ச்சாமல் எப்படி என்றேன். "அங்கதான் போச்சு" என்றார். பால் கொதித்துவிட்டால் தண்ணீரோடு போக வேண்டிய ஒரு புரதம் பிரிந்து, சீஸாக உறைய வேண்டிய கேசீன் என்கிற புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறதாம். ரெனெட் வெட்ட வேண்டிய இடத்தை அது மறைத்துவிடும், அதனால் எவ்வளவு நேரம் வைத்தாலும் கட்டியாக உறையாது. பனீருக்கு இந்தத் தொல்லை இல்லை, அது புளிப்பில் திரிகிறது. சீஸ் வேறு வழி. ஒரே கேள்வியில் என் இரண்டு நாள் பாட்டுக்குக் காரணம் சொல்லிவிட்டார், பார்த்தாயா? நம் ஹோம் சயின்ஸ் மேடம் இருந்தால் இப்படித்தான் கேட்டிருப்பார்.

அத்தைக்கு முதலில் ஒப்பவில்லை. "பாலைத் திரிக்கிறதுக்குக் காசு கொடுத்துப் படிக்கணுமா?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். வெள்ளிக்கிழமை பால் திரிந்துபோனால் என் அம்மா அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டார். நம் ஊர் வெயிலுக்குத் தயிரும் மோரும் வெண்ணெயும் நெய்யும்தான் பொருத்தம். மலையில் தோடர்கள் எருமைப் பாலுக்குக் கோயிலே கட்டினார்கள், அவர்களும் கடைந்து வெண்ணெய்தான் எடுத்தார்கள். அப்புறம் ரெனெட் கன்றுக்குட்டியின் நாலாவது இரைப்பையிலிருந்து எடுப்பது என்று எவரோ சொல்லக் கேட்டு அத்தை பூஜை அறைக்கே போய் உட்கார்ந்துவிட்டார். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பூஞ்சையிலிருந்து எடுப்பது, இந்த மாத்திரையும் அதுதான் என்று அட்டையைப் படித்துக் காட்டினேன். வடக்கே ஒரு செடியின் காயை வைத்துப் பால் உறைய வைப்பார்களாம், நம் அமுக்கராவின் பங்காளிச் செடி. அதைச் சொன்னதும் அத்தை இறங்கி வந்தார். "சரி, காய்னா பரவாயில்லை" என்றார்.

இனி நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

போன ஆடியில் எங்கள் செவலை ஏழு மாசச் சினையில் கன்று வீசிவிட்டது. இளங்கொடியும் விழவில்லை. ராத்திரி இரண்டு மணி, டாக்டர் வரும்வரை காத்திருக்க மனசில்லாமல் என் வீட்டுக்காரர் வெறுங்கையால் எல்லாம் எடுத்தார். விடிந்ததும் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தார். நாம் சின்ன வயசிலிருந்து பார்க்கிற வழக்கம்தானே, யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து அவருக்குக் காய்ச்சல். காலையில் இருக்காது, சாயங்காலம் ஏறும், ராத்திரி வேர்த்துப் பாய் நனையும். இடுப்பில் அப்படி ஒரு வலி. ஒரு ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நிற்கும், மறுபடியும் வரும். பத்து கிலோ இளைத்துவிட்டார். ஐப்பசியில்தான் ஒரு இளம் டாக்டர், "வீட்ல மாடு இருக்கா? கன்னு வீசுச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை, சரோஜா. ரத்தம் பார்த்தார்கள். புரூசெல்லா. மாட்டு டாக்டர் கன்று வீச்சு நோய் என்கிறாரே, அதேதான். டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் ஆறு வாரம். முதல் நாள் சிறுநீர் செக்கச் செவேலென்று போனதைப் பார்த்து ரத்தம் என்று நினைத்து நான் நடுங்கிவிட்டேன். மாத்திரையின் நிறம் என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

முப்பது வருஷம் லேபில் இருந்தவள் நீ. ஈரோட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஆவணியிலேயே நீ கேட்டிருப்பாய். செய்யவில்லை. மாடு வைத்துப் பிழைக்கிற வீட்டில் மாட்டால் நோய் என்று வெளியே தெரிந்தால் பாலை யார் வாங்குவார்கள் என்ற பயம் வாயைக் கட்டிவிட்டது. நீ யாரிடமும் சொல்ல மாட்டாய் என்று தெரிந்தும் சொல்லவில்லை. அதற்கு என்னை மன்னித்துவிடு. இப்போது அவர் நன்றாக இருக்கிறார், வரப்பில் பழையபடி நடக்கிறார். கடைசியாகப் பார்த்த டெஸ்டும் நல்லபடி வந்தது.

செவலையைச் சந்தையில் விற்றுவிடச் சொன்னார்கள். மனசு வரவில்லை. இன்னொருவர் கட்டுத்தறிக்கு இந்த நோயை எப்படி ஓட்டிவிடுவது? தனிக் கொட்டகை போட்டுக் கட்டியிருக்கிறோம், பால் வற்றவிட்டாயிற்று, இனி சினைக்கும் விடுவதில்லை. மற்ற இரண்டுக்கும் இரண்டு தடவை ரத்தம் எடுத்தார்கள், இரண்டு தடவையும் நோய் இல்லை. பெண் கன்றுக்கு நாலாவது மாசத்திலிருந்து எட்டாவது மாசத்துக்குள் தடுப்பூசி போட வேண்டுமாம். செவலையின் காலத்தில் நாங்கள் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. சின்னதுக்கு இந்த வருஷம் போட்டுவிட்டோம்.

இப்போது என் பயம் உனக்குப் புரியும். அந்த டாக்டர் ஒன்று சொன்னார். இந்தக் காய்ச்சலுக்குப் பழைய பெயர் மால்டா காய்ச்சல். அந்தத் தீவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வந்தது. 1887ல் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டுபிடித்தார், ஆனால் எங்கிருந்து வருகிறது என்பது 1905 வரை தெரியவில்லை. பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்த ஆடுகளின் பாலில் இருந்தது. பச்சைப் பாலும், பச்சைப் பாலில் செய்த புது சீஸும்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க இந்த நோயைப் பெரும்பாலும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றார். அதைக் கேட்ட வீட்டில் உட்கார்ந்து நான் சீஸ் வகுப்புக்குப் பணம் எண்ணுகிறேன்!

காய்ச்சினால் சீஸ் வராது. காய்ச்சாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இதை அந்த அம்மாவிடம் மறைக்காமல் கேட்டேன், வீட்டில் நடந்ததையும் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "63 டிகிரியில அரை மணி நேரம் வைங்க. அதுல அந்தக் கிருமி செத்துரும், பாலும் கெடாது. என் வகுப்புல பச்சைப் பால் எடுக்கிறதே இல்லை" என்றார்.

அன்றைக்கு ராத்திரியே 2 லிட்டரை வைத்துப் பார்த்தேன். பாத்திரத்துக்குள் பாத்திரம், சுற்றிலும் சுடுதண்ணீர், பேரன் விட்டுப்போன தெர்மாமீட்டர். அரை மணி நேரம் அடுப்பை விட்டு நகரவில்லை. 65க்கு ஏறினால் தணலைக் குறைப்பதும் 63ஐத் தொட்டால் கூட்டுவதுமாக நின்றேன். ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டுகிறது, லேசாக ஆவி வருகிறது, ஆனால் பால் எழும்பவே இல்லை. அறுபது வயசில் முதல் தடவையாகப் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன், சரோஜா. புது வீடோ தைப் பொங்கலோ, பால் பொங்கி வழிந்தால்தானே நமக்கு நிறைவு! கை தன்னாலே தீயைக் கூட்டப் போகிறது, இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆற வைத்து 32 டிகிரிக்கு வந்ததும் ரெனெட் ஊற்றினேன். நாற்பது நிமிஷத்தில் உறைந்துவிட்டது. விரலைச் சாய்வாக விட்டுத் தூக்கினேன், கத்தியால் கீறின மாதிரி சுத்தமாகப் பிளந்தது. அந்தப் பிளவில் இளம்பச்சையாகத் தண்ணீர் வந்து நின்றது. அவரை எழுப்பிக் காட்டினேன். அவரும் ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதற்கப்புறம் அதை இழுக்கத் தெரியாமல் கெடுத்துவிட்டேன். புளிப்பு எந்தப் பதத்தில் இருக்கும்போது சுடுதண்ணீரில் போட வேண்டும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. முறுக்கு மாவுப் பதத்தை எழுதியா வைக்க முடியும்? பக்கத்தில் நின்று தொட்டுப் பார்க்க வேண்டும். போகலாம் என்று மனசு சாய்வது இதனால்தான்.

வேண்டாம் என்று இழுப்பதும் இருக்கிறது. இரண்டாம் நாள் பூராவும் பழுக்க வைக்கிற சீஸ்தான். அதற்கு 10லிருந்து 13 டிகிரி குளிரும், எண்பதுக்கு மேல் ஈரப்பதமும் மாசக்கணக்கில் வேண்டும். குன்னூருக்கு அது சரி. இந்தி சினிமா எடுத்த மன்சூர் கான் கூட அங்கே பண்ணை வைத்து சீஸ் செய்கிறார் என்று நீதான் முன்பு பேப்பரில் படித்துச் சொன்னாய். கோபியில் சித்திரை வெயிலுக்கு என்ன செய்வது? எனக்கு ஆவது பீட்சாவுக்குப் போடுகிற மொசரெல்லாவும் உப்புத் தண்ணீரில் போட்டு வைக்கிற வகையும்தான். பாதி வகுப்புக்கு முழுப் பணம். பத்து லிட்டர் ஊற்றினால் கெட்டி சீஸ் ஒரு கிலோதான் வரும் என்கிறார்கள், மொசரெல்லா கொஞ்சம் கூட வருமாம். இரண்டு நாள் யார் கறப்பது என்பது வேறு. அவர் நான் கறக்கிறேன் என்கிறார். கொட்டகைக்குள் அவரை விடவே எனக்குப் பயம், அவரோ அதைக் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்.

நீ எனக்கு இரண்டு பதில் சொல்ல வேண்டும். ஒன்று, 63 டிகிரி அரை மணி போதுமா? டாக்டரும் சொல்லிவிட்டார், அந்த அம்மாவும் சொல்லிவிட்டார். ஆனாலும் பேரன் தட்டில் வைக்கப்போவதை நீ சொல்லிக் கேட்டால்தான் என் கை நடுங்காது. நோய் இல்லை என்று வந்த மாடுகளுக்கு எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை திரும்பப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுது.

இரண்டாவது, நீயும் வருகிறாயா? 83ல் காலேஜில் ஊட்டிக்குக் கூட்டிப்போனபோது நீ அந்த ஸ்வெட்டரால் பாதி வழியில் திரும்பியது இன்னும் எனக்கு ஆறவில்லை. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு மலை ரயில். முட்டியை நீட்டி உட்கார ஜன்னல் ஓரம் உனக்குத் தருகிறேன். உன் வீட்டுக்காரர் இரண்டு நாள் உன் புளிக்குழம்பு இல்லாமல் நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

புதன்கிழமைக்குள் போன் செய். சாயங்காலம் ஆறரைக்கு மேல் பண்ணு, அதற்குள் கறந்துவிடுவேன். வருவதானால் லேபில் நீ வைத்திருந்த அந்த நீளத் தெர்மாமீட்டரையும் எடுத்துவா. பேரனுடையது இரண்டு டிகிரி தப்புக் காட்டுகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

அன்புடன்,
மணிமேகலை