கடலடி ஓட்டங்களையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆழ்கடல் சரிவுகளில் மணலும் சேறும் நீரோடு கலந்து பாய்வதைப் பல்கலைக்கழகங்கள் ஆராய்வது வெறும் ஏட்டுப் படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1929-இல் கனடாவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த கிராண்ட் பேங்க்ஸ் நிலநடுக்கம் இப்படியோர் ஓட்டத்தைக் கிளப்பியது; அதில் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. அவை அறுந்த நேரங்களை வைத்தே 1952-இல் கடலியல் ஆய்வாளர்களான ஹீசனும் யூயிங்கும் ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். எவ்வளவு அருமையான துப்பறிதல்! 2020-இல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள காங்கோ கடலடிப் பள்ளத்தாக்கில் பாய்ந்த ஓட்டம் 1,100 கிலோமீட்டருக்கு மேல் சென்று இணையக் கேபிள்களை அறுத்தது.

வேகம் குறையும்போது கனமான மணல் முதலில் படியும், அப்புறம் நுண்சேறு. இந்த அடுக்குகளில் பழைய நிலநடுக்கங்களின் தடயமும் கிடைக்கலாம். ஆனால் நேரடி அளவீடுகள் குறைவு. கருவிகளையே ஓட்டம் அடித்துச் சென்றுவிடுகிறது. உங்கள் அறிவியல் பக்கத்தில் இந்த ஆய்வுகள் பற்றி விரிவான கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்