சேகருக்கு, அந்த 1,846 டாலர் பற்றி

ஃப்ரீமாண்ட்
8 மார்ச் 2026

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் கூட அனுப்பிய நாலு ஸ்க்ரீன்ஷாட்டும் வியாழக்கிழமையே வந்துவிட்டன. இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் ஞாயிறு என்பதால் வீட்டில் எல்லோரும் இன்னும் தூங்குகிறார்கள்.

முதலில் உன் கறிவேப்பிலைச் செடி. எலுமிச்சை நோய்க்குப் பயந்து மாநிலம் தாண்டி எடுத்துப்போக விடமாட்டார்கள் என்று என் வாசலில் வைத்துவிட்டுப் போனாயே, அது குளிரில் மொட்டையாகி நின்றது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். போன வாரம் அடித்தண்டில் மூன்று துளிர் விட்டிருக்கிறது. அம்மாவிடம் சொல். ஆஸ்டின் வெயில் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஜூலை வரட்டும், அப்புறம் கேட்கிறேன்.

சரி, உன் வரிக் கதை. 2024-க்கு நீ கட்டிய வரியில் 1,846 டாலரைக் கலிபோர்னியா போன வருடம் ரீஃபண்டாகத் திருப்பி அனுப்பியது. அதை வரி சாஃப்ட்வேரில் ஏற்றியதும் ஃபெடரலுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, நீ கட்ட வேண்டியது 443 டாலர் ஏறிவிட்டது. “டெக்ஸாஸில் மாநில வருமான வரியே கிடையாது என்றார்கள், கலிபோர்னியா இங்கேயும் துரத்துகிறதே” என்று புலம்பியிருக்கிறாய். துரத்துவது கலிபோர்னியா இல்லையடா. அந்த ரீஃபண்டுக்குக் கலிபோர்னியா வரி கேட்பதில்லை. “மாநிலம் திருப்பிக் கொடுத்த பணம் வருமானமா, இல்லையா” என்று கேட்பது ஃபெடரல்காரர்கள். அதனால் சாஃப்ட்வேர் ‘எந்த மாநிலம்’ என்று கேட்கும் இடத்தில் நீ டெக்ஸாஸ் என்று போட்டிருப்பதை முதலில் மாற்று. நீ இப்போது எங்கே குடியிருக்கிறாய் என்பது அதற்கு வேண்டாம், பணம் கொடுத்தது யார் என்றுதான் கேட்கிறது. வருடம் 2024. போன வருடம் கையில் வந்தாலும் அது 2024 வரிக்கான பணம். ரீஃபண்டைத் தெரிவித்து கலிபோர்னியா அனுப்பிய 1099-ஜி தாளின் மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது பார்.

ஆனால் உனக்கு 443 டாலர் ஏறியதற்குக் காரணம் இது இல்லை. 1,846-இல் உன் வரி விகிதமான 24 சதவீதம் போட்டுப் பார், சரியாக 443 வரும். அதாவது வந்த ரீஃபண்ட் முழுவதையும் வருமானம் என்று சாஃப்ட்வேர் முடிவு கட்டிவிட்டது. இத்தனை வருடம் சிபிஏ (ஆடிட்டர்) பார்த்துக்கொண்டார், இந்த வருடம் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று நீயே இறங்கினாய். அங்கேதான் சிக்கல். போன வருடக் கணக்கு அதற்குத் தெரியாது. நீ சொன்னால்தான் தெரியும்.

நீயாவது பரவாயில்லை. நான் முதல் தடவை தனியாகச் செய்தபோது அதே 1099-ஜி திரையில் கண்ணில் பட்ட முதல் கட்டத்தில் தொகையைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன். முதல் கட்டம் வேலை இழந்தவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகைக்கு. வரி ரீஃபண்டுக்கு இரண்டாவது கட்டம். அடுத்த பக்கத்தில் வேலை போனதைப் பற்றி ஆறுதலாக ஏதோ கேட்க ஆரம்பித்தது. வித்யா காபியோடு பின்னால் நின்று படித்துவிட்டு, “எப்ப வேலை போச்சு? எங்கிட்ட சொல்லவே இல்லையே” என்றாள். இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

உன் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கேதான் தவறு இருக்கிறது. ‘2024-இல் கழித்த மாநில, உள்ளூர் வரி மொத்தம்’ என்ற இடத்தில் 10,000 என்று போட்டிருக்கிறாய். நீ நினைத்ததும் நியாயம்தான், வருமானத்திலிருந்து கழிவாகக் கிடைத்தது அவ்வளவுதானே. ஆனால் அதற்கு வேண்டியது நீ கட்டிய தொகை. கழிவுகளை எழுதும் தாளான உன் 2024 ஷெட்யூல் ஏ-வை எடு. 5டி வரிசையில் 29,000 இருக்கும்: சம்பளத்தில் பிடித்த மாநில வரி 17,400, வீட்டு வரி 11,600. அடுத்த வரிசை 5இ-யில் 10,000. 2018-லிருந்து போட்ட வேலி அது. எவ்வளவு கட்டினாலும் பத்தாயிரத்துக்கு மேல் கழிக்க விடவில்லை.

இதன் பின்னாலிருக்கும் நியாயம் எளிது. ஆபீஸ் வேலையாக டாக்ஸியில் போகிறாய். 29 ரூபாய் ஆகிறது. ஆபீஸ் முழுக் கூலியையும் கொடுத்துவிட்டது என்று வை. மறுநாள் டாக்ஸிக்காரர், “சார், ரெண்டு ரூபாய் கூட வாங்கிட்டேன்” என்று திருப்பித் தந்தால் அது ஆபீஸ் பணம், நீ வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஆபீஸ் “பத்து ரூபாய்க்கு மேல் தரமாட்டோம்” என்று சொல்லியிருந்தால்? இரண்டு ரூபாய் திரும்பி வந்தாலும் நீ 27 செலவு செய்திருக்கிறாய். கிடைத்தது பத்துதான். வந்த இரண்டும் உன் கைக்காசு. ஆபீஸுக்கு அதில் என்ன பாத்தியதை?

ஃபெடரல் வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் கணக்குத் தாளும் இதைத்தான் செய்கிறது. 29,000-இல் 10,000 போக 19,000. உன் 1,846 அதைவிடச் சிறியது. “நிறுத்து, எதுவும் வருமானம் இல்லை” என்று அங்கேயே முடித்துவிடும். நீ மொத்தம் 10,000 என்று போட்டதால் வேலியால் நீ எதையும் இழக்கவில்லை என்று அது நினைத்துக்கொண்டது. அடுத்த படிக்குப் போய், கழிவுகளை ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டிய உன் ஐட்டமைஸ் தொகை 34,600-லிருந்து, அப்படி எழுதாமலே கிடைக்கும் அந்த வருட ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 29,200-ஐக் கழித்தது. ஐட்டமைஸ் செய்ததால் கிடைத்த கூடுதல் கழிவு 5,400, அது 1,846-ஐவிடப் பெரிது, ஆகவே முழுத் தொகையும் வருமானம். கணக்கு சுத்தமாகத்தான் போட்டிருக்கிறது, பாவம். நீ கொடுத்த எண்தான் தப்பு.

எனக்கு இந்த சாஃப்ட்வேர்களிடம் கோபம் வருவது இந்த இடத்தில்தான். “5டி வரிசையில் உள்ள எண்ணைப் போடு” என்று ஒரு வார்த்தை எழுதினால் எத்தனை பேருக்கு மிச்சமாகும்! வருவது பூஜ்யமா முழுத் தொகையா என்பதையே தீர்மானிக்கும் கேள்வியை, விளக்கம் எதுவும் இல்லாமல் இனிக்க இனிக்கப் பேசிக் கேட்கிறது.

இப்போது செய்ய வேண்டியது. அந்தக் கட்டத்தை மட்டும் திருத்தாதே. எனக்கு ஒருமுறை திருத்தியும் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தது. 1099-ஜி-யை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகப் போடு. கேட்கும்போது போன வருட ஷெட்யூல் ஏ-வைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 5ஏ (மாநில வருமான வரி), 5டி, 5இ மூன்றையும் அப்படியே ஏற்று. கழித்தது விற்பனை வரியா, வருமான வரியா என்றும் கேட்கும். உனக்கு வருமான வரி. முடிந்ததும் மேலே ஓடும் தொகையை நம்பாமல், பிடிஎஃப் எடுத்து, வருமானமாகும் மாநில ரீஃபண்ட் வந்து விழும் ஷெட்யூல் 1-இன் முதல் வரிசையைப் பார். அது காலியாக இருந்தால் வேலை முடிந்தது. நல்லவேளை, நீ இன்னும் ஃபைல் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும்.

அப்புறம், இந்தக் கணக்கு அடுத்த வருடத்துக்கு உதவாது. போன ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில் அந்த வேலி 2025-க்கு 40,000 ஆகிவிட்டது. நீ வீட்டை விற்றுக் கிளம்புமுன் கட்டிய மாநில வரியும் வீட்டு வரியும் சேர்ந்தால்கூட 40,000-ஐத் தொடாது. அதாவது டாக்ஸிக் கூலி முழுவதையும் ஆபீஸ் கொடுத்த மாதிரி. இந்த வருடமும் நீ ஐட்டமைஸ் செய்து, கலிபோர்னியா ஏதாவது திருப்பி அனுப்பினால், 2027-இல் அதற்கு நீ வரி கட்ட வேண்டியிருக்கும். அப்போது என்னைத் திட்டி எழுதாதே.

பிடிஎஃப்பை அனுப்பு, சோஷியல் செக்யூரிட்டி எண்ணை மறைத்துவிட்டு. ஏப்ரல் 15 புதன்கிழமை வருகிறது. அதற்கு முந்தின ஞாயிறு வரை இழுக்காதே, அன்றைக்கு நான் மாமியாரை அழைத்துவர சான் ஃப்ரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் இருப்பேன். அடுத்த சனிக்கிழமை காலை கூப்பிடு. மூன்று துளிரையும் வீடியோவில் அம்மாவிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
முரளி